தின்னும் நச்சுயிரியும் தின்னா நச்சுயிரியும்: இந்தியக் காலரா ஆய்வில் பாக்டீரியாத்தின்னிகளின் வகைப்பாட்டு வரலாறு

முன்னுரை

பாக்டீரியாக்களுள் புகுந்து பெருகும் நச்சுயிரிகளை அறிவியலார் பாக்டீரியோஃபேஜ் என வழங்குவர். தின்னுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் 1917ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட பெயர் இது. தமிழில் பாக்டீரியாத்தின்னி எனலாம். இக்கட்டுரையில் சுருக்கம் கருதித் தின்னி என்றே குறிக்கப்பெறும். ஒரு பொருளுக்கு அதன் செயலை வைத்துப் பெயரிடும்போது, அச்செயலைச் செய்யாதவை அப்பெயருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தின்னிகளின் வரலாற்றில் இது பெருவிளைவுடையதாயிற்று.

இத்துறையின் வரலாற்றை எழுதியோரில் பலர் 1910களின் இலண்டன், பாரிசு ஆய்வுகளிலிருந்து நேரே 1940களின் அமெரிக்க ஆய்வுக் குழுவிற்குத் தாவிவிடுவர். இடைப்பட்ட காலத்தில் பாட்னா, சில்லாங், கல்கத்தா ஆகிய நகரங்களில் காலரா என்னும் வாந்திபேதி நோயை முன்னிட்டு நிகழ்ந்த ஆய்வுகள் தோல்வியுற்ற மருத்துவ முயற்சியாகவே நினைவுகூரப்படுகின்றன. அவ்வாய்வுகளின் நிலைத்த பயன் மருத்துவத்தில் இல்லை, வகைப்பாட்டில் உள்ளது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வகைப்பாடு எதனைக் காட்டியது, எதனைக் காணவொட்டாமல் தடுத்தது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கங்கை நீரும் ஹேங்கினின் ஆய்வும்

இந்தியாவில் தின்னிகளின் வரலாறு 1896ஆம் ஆண்டில் தொடங்குவதாகக் கூறுவது மரபு. ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்பரி ஹேங்கின், யமுனை, கங்கை ஆகிய ஆறுகளின் நீர் காலரா நுண்ணுயிர்களை அழிப்பதாகப் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தின் இதழில் அவ்வாண்டில் எழுதினார். வடிகட்டிய ஆற்றுநீரில் இடப்பட்ட நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் மடிந்தன. கொதிக்கவைத்த நீரில் அவை மடியவில்லை. தின்னிகள் கண்டறியப்பட்ட பின்னர், ஹேங்கின் கண்டது தின்னியின் செயலே என்னும் விளக்கம் பரவியது. கங்கையின் தூய்மை பற்றிய சமய நம்பிக்கைக்கு அறிவியற் சான்றாக இச்செய்தி இன்றும் மேடைகளிலும் இதழ்களிலும் எடுத்தாளப்படுகிறது.

மூலக் கட்டுரையை உற்று நோக்கின் இவ்விளக்கம் ஐயத்திற்குரியதாகிறது. திறந்த கலத்தில் கொதிக்கவைத்த நீர் ஆற்றல் இழந்தது எனக் கூறும் ஹேங்கின், காற்றுப் புகாவண்ணம் மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துக் கொதிநிலைக்கு மேல் சூடேற்றிய நீர் தன் ஆற்றலை இழக்கவில்லை என்றும் குறிக்கிறார். எனவே ஆவியாகக்கூடிய ஏதோவொரு பொருளே காரணம் என்பது அவர்தம் முடிவு. காலராத் தின்னிகள் அத்தகைய வெப்பத்தைத் தாங்குவன அல்ல. 2011ஆம் ஆண்டில் இக்கட்டுரையை மீளாய்வு செய்த அறிஞர்களும், ஹேங்கின் கண்டது தின்னியன்று என்பதற்கே வாய்ப்பு மிகுதி என்றனர். கங்கையில் தின்னிகள் உள்ளன என்பது உண்மை. பாக்டீரியா மிகுந்த எந்த நீர்நிலையிலும் அவை இருக்கும். ஆயினும் 1896ஆம் ஆண்டுச் சோதனையை அதற்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

ஒன்றா, பலவா?

1915ஆம் ஆண்டில் இலண்டனில் ஃபிரெடரிக் டுவர்ட், சில பாக்டீரியாக் கூட்டங்கள் கண்ணாடி போலத் தெளிந்து கரைவதையும், வடிகட்டியில் வடிந்த நீர் அவ்வழிவை அடுத்த கூட்டத்திற்குப் பரப்புவதையும் கண்டு எழுதினார். 1917ஆம் ஆண்டில் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல், சீதபேதியிலிருந்து தேறிவரும் நோயாளிகளின் மலத்திலிருந்து இத்தகைய வடிநீரைப் பெற்றார். பாக்டீரியா படர்ந்த வளர்ப்புத் தட்டில் அவ்வடிநீர் வட்டமான தெளிபுள்ளிகளைத் தோற்றுவித்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு துகளிலிருந்து தோன்றியது எனக் கொண்ட டெரெல், வடிநீரில் இருப்பது எண்ணத்தக்க ஓர் உயிர் என முடிவு செய்து, அதற்குப் பாக்டீரியோஃபேஜ் எனப் பெயரிட்டார்.

இதனைப் பலர் ஏற்கவில்லை. 1919ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டே, இது புறத்திருந்து வரும் உயிரன்று, பாக்டீரியா தானே சுரக்கும் நொதி என வாதிட்டார். தாக்குதல் ஏதுமின்றியே சில பாக்டீரியா வகைகள் இக்கரைபொருளைத் தலைமுறை தலைமுறையாக வெளியிடுவதை அவர் கண்டிருந்தார். டெரெலோ, உலகில் உள்ளது ஒரே தின்னி என்றும், அது தான் சந்திக்கும் பாக்டீரியாவிற்கேற்பப் பழகிக்கொள்கிறது என்றும் கருதினார்.

டெரெலின் இக்கருத்திற்கு நடைமுறை விளைவு ஒன்றுண்டு. தின்னி ஒன்றே எனின், வகை பிரிக்க வேண்டிய தேவை எழாது. வீரியம் மிக்க ஒன்றைத் தேர்ந்து பெருக்கிக் கொடுத்தால் போதும். இந்தியாவில் முதலில் பின்பற்றப்பட்டது இம்முறையே. 1926ஆம் ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் கொள்ளைநோய்க்கான தின்னியை ஆராய வந்த டெரெல், 1927ஆம் ஆண்டில் காலராவை நோக்கித் திரும்பினார். மலோன், லாகிரி ஆகியோருடன் பஞ்சாபில் நோயாளிகளுக்குத் தின்னி நீரைக் கொடுத்ததுடன், சிற்றூர்க் கிணறுகளிலும் அதனை ஊற்றினார். மருந்து பெற்றோரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானோரும், பெறாதோரில் பாதிக்கு மேற்பட்டோரும் இறந்தனர் என்பது அவர்தம் அறிக்கை. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது முறைப்படி பிரிக்கப்படவில்லை.

பாட்னாவின் எழுத்துகள்

டெரெலின் அறிக்கையால் ஊக்கம் பெற்ற இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம், பாக்டீரியோஃபேஜ் விசாரணை என்னும் திட்டத்தைப் பாட்னாவில் நிறுவியது. 1911ஆம் ஆண்டில் தோன்றிய இக்கழகமே விடுதலைக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக மாறியது. திட்டத்தின் பொறுப்பு இகோர் அஷெஷோவ் என்னும் உருசிய அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் அவரும், கான், லாகிரி முதலிய இந்திய உடன்பணியாளரும் அங்கு ஆய்வு நடத்தினர்.

அவர்கள் முதலில் எதிர்கொண்டது ஒரு சிக்கல். தின்னி இடப்பட்ட காலரா வளர்ப்புநீர் தெளிந்து, பின்னர் மீண்டும் கலங்கும். தப்பிப் பிழைத்த சில நுண்ணுயிர்கள் பெருகுவதே காரணம். இவ்வாறு எழுந்த இரண்டாம் வளர்ச்சி முதல் தின்னிக்கு மசியாது. மருத்துவ நோக்கில் இது குறைபாடு. அஷெஷோவ் அதனையே கருவியாக்கினார். ஒரு தின்னிக்கு மசியாத நுண்ணுயிரை வேறொரு தின்னி கரைக்குமாயின், அவ்விரண்டும் ஒன்றாக இருத்தல் இயலாது. இவ்வளவையின்படி காலராத் தின்னிகள் ஏ, பி, சி என எழுத்துகளால் பெயரிடப்பட்டன. ஆய்வு வளர வளர எழுத்துகளும் பெருகின.

இம்முறை ஏன் பயன் தந்தது என்பதை இன்றைய அறிவால் விளக்கலாம். தின்னி தன் வால்முனையால் பாக்டீரியாவின் புறப்பரப்பில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறு ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பின் தன் மரபுப்பொருளை உட்செலுத்துகிறது. பாக்டீரியாவின் உறுப்புகளே புதிய தின்னிகளை ஆக்குகின்றன. இறுதியில் செல்சுவர் உடைந்து அவை வெளிப்படுகின்றன. பற்றிடம் மாறிய பாக்டீரியா தப்பிக்கிறது. வேறு பற்றிடத்தை நாடும் தின்னிக்கு அது மீண்டும் இரையாகிறது. பாட்னாவின் எழுத்துகள் பெரும்பாலும் பூட்டிற்கேற்ற திறவுகோல்களின் பட்டியல் எனலாம்.

இதே காலத்தில் ஆஸ்திரேலிய அறிஞர் ஃபிராங்க் மக்ஃபார்லேன் பர்னட், சீதபேதி, கோலி பாக்டீரியாக்களின் தின்னிகளைக் குருதிநீர்ச் சோதனைகளால் பிரித்து, 1933ஆம் ஆண்டில் அவற்றின் வகைப்பாட்டை வெளியிட்டார். தின்னி ஒன்றன்று, பலவே என்பது இருவேறு வழிகளில் உறுதியாயிற்று. பர்னட்டின் பங்கு உரியவாறு போற்றப்படுகிறது. பாட்னாவின் பங்கிற்கு அவ்விடம் இன்னும் கிட்டவில்லை.

நவ்காங்கும் ஹபிகஞ்சும்

தின்னிகள் பல என்பது மருத்துவச் சோதனைகளின் பொருளையே மாற்றுவது. சில்லாங் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநர் ஜான் மோரிசன், அசாமின் நவ்காங் பகுதியில் தின்னி மருந்தை ஊர்தோறும் இருப்பு வைத்து, நோய் தலைகாட்டியவுடன் வழங்கச் செய்தார். அன்று அசாமில் அடங்கியதும் இன்று வங்காளதேசத்தில் உள்ளதுமாகிய ஹபிகஞ்சு, மருந்து வழங்கப்படாத ஒப்பீட்டுப் பகுதியாகக் கொள்ளப்பட்டது. நவ்காங்கில் இறப்பு மிகக் குறைந்ததாக மோரிசன் அறிவித்தார். ஆனால் காலரா இயல்பாகவே ஓராண்டு பெருகி மற்றோராண்டு தணியும் நோய். நிலமும் நீரும் வேறான இரு பகுதிகளை ஒப்பிட்டு மருந்தின் பயனைத் துணிதல் அரிது.

கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சார்ந்த பஸ்ரிச்சா குழுவினர் இதனினும் செவ்விய முறையைக் கையாண்டனர். கேம்பல் மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளில் ஒருவர்விட்டு ஒருவருக்குத் தின்னி கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றோரிடையே இறப்பு ஓரளவே குறைந்தது. பஞ்சாபில் சொல்லப்பட்ட பெருவேறுபாடு இங்குப் புலப்படவில்லை. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வெளியான மதிப்பாய்வும் தின்னி மருத்துவத்தை ஐயுற்றது. 1936ஆம் ஆண்டளவில் இந்திய விசாரணை முடிவுற்றது.

முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டமைக்குச் சோதனை முறை ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு: புட்டிக்குள் இருந்தது எது என்னும் வினாவிற்கு முழு விடை எவரிடமும் இல்லை. எழுத்துகளால் குறிக்கப்பெற்ற தின்னிகளின் கலவை, பெருக்கப்படுந்தோறும் மாறக்கூடியது. அக்கலவையில் ஒன்று மிகலாம், ஒன்று மறையலாம். அறியப்படாத ஒன்றைப் பற்றிய சோதனை எவ்வளவு செம்மையாக நடப்பினும், அதன் முடிவு அந்தப் புட்டிக்கு மட்டுமே உரியது.

தின்னியே அளவுகோலாதல்

பாட்னாவில் தொடங்கிய வகைப்பாடு விடுதலைக்குப் பின் கல்கத்தாவில் எதிர்பாராத பயனளித்தது. இந்தியச் சோதனை மருத்துவ நிறுவனத்தில் எஸ். முகர்ஜியும் உடனாய்வாளரும் 1950களில் காலராத் தின்னிகளை நான்கு தொகுதிகளாக வகுத்தனர். அவர்களின் நோக்கம் நோயைத் தீர்ப்பதன்று. எந்தத் தின்னிக்கு எது மசிகிறது என்பதைக் கொண்டு காலரா நுண்ணுயிர்களையே வகைப்படுத்துவது.

1961ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலிருந்து புதியதோர் அலை எழுந்து, அவ்வாண்டிலேயே சரவாக் வரை பரவியது. இந்நோய்க்குக் காரணம் எல் தோர் என்னும் வகை. 1905ஆம் ஆண்டில் சினாய் தீபகற்பத்தின் எல் தோர் நோய்த்தடுப்பு நிலையத்தில் முதலில் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. சுலாவேசியில் 1937ஆம் ஆண்டு முதல் இது நோயுண்டாக்கி வந்தபோதிலும், உண்மைக் காலராவன்று, போலிக் காலரா என ஒதுக்கப்பட்டிருந்தது. பன்னாட்டு நலவாழ்வு விதிகள் காலராவிற்குரியன. போலிக் காலராவிற்கு அவை செல்லா. ஒரு துறைமுகம் நோயை அறிவிக்க வேண்டுமா, கப்பல்களும் பயணிகளும் தடுக்கப்பட வேண்டுமா என்பன பெயரைப் பொறுத்தனவாக இருந்தன. 1962ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் எல் தோரையும் காலரா என ஏற்றது.

இரண்டையும் பிரித்தறிய வழக்கிலிருந்த குருதிச் சிவப்பணுச் சோதனை நம்பத்தக்கதாக இல்லை. 1963ஆம் ஆண்டில் முகர்ஜி, நான்காம் தொகுதித் தின்னி பழைய காலரா நுண்ணுயிரைக் கரைக்கிறது, எல் தோரைக் கரைப்பதில்லை என உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் எழுதினார். இச்சோதனை ஆய்வகங்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. மருந்தாக எண்ணப்பட்ட தின்னி அளவுகோலாகப் பயன் தந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது.

வடிவ வகைப்பாடு

மேலைநாடுகளில் இதற்கிடையே தின்னிகளின் உருவம் புலனாகியிருந்தது. 1940ஆம் ஆண்டு முதல் மின்னணு நுண்ணோக்கி தலையும் வாலும் உடைய துகள்களைக் காட்டிற்று. போர்டே கண்ட புதிருக்கும் விடை கிடைத்தது: 1950ஆம் ஆண்டில் பாரிசில் ஆந்திரே ல்வோஃப், சில தின்னிகள் பாக்டீரியாவைக் கொல்லாது அதனுள் உறைநிலையில் தங்கித் தலைமுறைகளாகத் தொடர்கின்றன என்று காட்டினார். 1952ஆம் ஆண்டில் ஹெர்ஷியும் சேசும் நடத்திய சோதனை, பாக்டீரியாவினுள் புகுவது பெரும்பாலும் தின்னியின் டி.என்.ஏ.வே, புரதக் கூடு வெளியில் நின்றுவிடுகிறது என உணர்த்தியது.

1967ஆம் ஆண்டில் பிராட்லி என்பார் தின்னிகளை வடிவத்தால் ஆறாகப் பகுத்தார்: சுருங்கும் வாலுடையன, சுருங்கா நெடுவாலுடையன, குறுவாலுடையன, வாலில்லா ஓரிழை டி.என்.ஏ. உடையன, ஆர்.என்.ஏ. உடையன, நூல் வடிவின. கனடாவின் ஹன்ஸ் வொல்ஃப்காங் ஆக்கர்மன் ஆயிரக்கணக்கான தின்னிகளின் படங்களைத் தொகுத்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 96 விழுக்காடு வாலுடையனவாக இருந்தன. நூல் வடிவின மிகச் சிலவே. அச்சிறுபான்மையில்தான் காலராவின் மறைபொருள் ஒளிந்திருந்தது.

தின்னாத் தின்னி

காலரா நுண்ணுயிர் குடலில் எவ்வாறு பெருநீரிழப்பை உண்டாக்குகிறது என்பதைக் கல்கத்தா அறிஞர் சம்பு நாத் தே 1959ஆம் ஆண்டில் விளக்கினார். பாக்டீரியா முற்றும் நீக்கப்பட்ட வடிநீரே முயலின் குடலில் நீர் சுரக்கச் செய்வதை அவர் காட்டினார். நோய்க்குக் காரணம் நுண்ணுயிர் வெளியிடும் நஞ்சு என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்நஞ்சை ஆக்கும் மரபணுக்கள் எல்லாக் காலரா விப்ரியோக்களிலும் இல்லை. சிலவற்றில் உள்ளன, பலவற்றில் இல்லை.

1996ஆம் ஆண்டில் மேத்யூ வால்டர், ஜான் மெக்கலனாஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை கண்டனர். நஞ்சின் மரபணுக்கள் சி.டி.எக்ஸ். எனப் பெயரிடப்பட்ட நூல்வடிவத் தின்னி ஒன்றிற்கு உரியவை. விப்ரியோ குடற்சுவரில் நிலைகொள்வதற்குத் துணையாகும் நுண்மயிரே இத்தின்னியின் பற்றிடம். உட்புகுந்த தின்னி விப்ரியோவின் மரபுப்பொருளோடு இணைந்துகொள்கிறது. நஞ்சற்ற விப்ரியோ நஞ்சுடையதாகிறது. தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சும் தின்னியொன்றால் வருவதே என்பது 1951ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. காலராவில் அது புலனாக மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

இத்தாமதத்திற்குரிய காரணங்களுள் ஒன்று வகைப்பாட்டின் அடிப்படையிலேயே உள்ளது. இத்தின்னி பாக்டீரியாவைக் கொல்வதில்லை. செல்சுவரை உடைக்காமல் நூல்போல் வெளியேறுகிறது. ஆதலின் தட்டில் தெளிபுள்ளி தோன்றாது. டெரெல் முதல் முகர்ஜி வரை அனைவரும் தின்னியைக் கண்டது கரைதல் என்னும் ஒரே அடையாளத்தால். அவ்வடையாளம் இல்லாதது அவர்களுக்குத் தின்னியன்று, இல்லாத பொருளே. வால்டரும் மெக்கலனாசும் தெளிபுள்ளியை நாடவில்லை. நஞ்சு மரபணுவின் இடத்தில் ஒரு மருந்தெதிர்ப்பு மரபணுவைப் பொருத்தி, அது ஒரு விப்ரியோவிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வதைப் பின்தொடர்ந்தனர். வினா மாறியதால் பொருள் புலப்பட்டது.

வடிவ வகைப்பாட்டின் ஆட்சியும் பின்னர் முடிவுற்றது. மரபுப்பொருள் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, ஒத்த வாலுடைய தின்னிகள் பல தம்முள் நெருங்கிய உறவற்றவை எனத் தெரிந்தது. 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு நச்சுயிரி வகைப்பாட்டுக் குழு, வாலின் இயல்பை அடிப்படையாகக் கொண்ட மூன்று பெருங்குடும்பங்களையும் நீக்கி, மரபுறவின் வழி வகுத்த குடும்பங்களை ஏற்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பாட்னா ஆய்வைத் தோல்வியுற்ற மருத்துவத்தின் ஓர் இயலாக மட்டும் கருதுதல் முறையன்று. மசியாமையைக் கொண்டு இனம்பிரிக்கும் அதன் அணுகுமுறை, தின்னி ஒன்றே என்னும் கோட்பாட்டைத் தகர்த்த சான்றுகளுள் ஒன்று. இரண்டாவது, வகைப்பாடு என்பது ஆய்வு முடிந்தபின் செய்யப்படும் எழுத்தர் பணியன்று. மருந்தின் பயனை மதிப்பிடுவதும், துறைமுகத்தை மூடுவதா என முடிவு செய்வதும் அதனைச் சார்ந்தே நிகழ்ந்தன. மூன்றாவது, பெயர் காட்டும் வழியில் மட்டும் தேடுவோர், பெயருக்குப் புறம்பானதைக் காணத் தவறுவர்.

இவை பழங்கதைகள் அல்ல. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் தின்னி மருத்துவம் மீண்டும் உலகெங்கும் ஆராயப்படுகிறது. 2005ஆம் ஆண்டில் டாக்கா ஆய்வாளர்கள், நீர்நிலைகளில் காலராத் தின்னிகள் மிகும்போது நோய் தணிவதையும், அவை குறையும்போது நோய் மிகுவதையும் எடுத்துக்காட்டினர். டெரெலின் நம்பிக்கையில் உண்மையின் கூறு இருந்தது என்பதற்கு இது சான்று. எனினும் இன்று ஒரு தின்னியை மருந்தாக்க விழைவோர் அதன் மரபுப்பொருளை முழுமையாகப் படித்து, பாக்டீரியாவினுள் தங்கும் இயல்போ நஞ்சு மரபணுவோ அதில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்கின்றனர். பஞ்சாபின் கிணறுகளில் ஊற்றப்பட்ட நீரில் எவ்வகைத் தின்னிகள் இருந்தன என்பதை ஊற்றியவர்களும் அறியார், பருகியவர்களும் அறியார். அறிந்தபின் ஊற்றுதல் என்னும் நெறி, பாட்னாவில் ஏ, பி, சி என்னும் மூன்று எழுத்துகளோடு தொடங்கிய பணியின் தொடர்ச்சியே ஆகும்.